தொப்பிக்காரி ஏன் பெயரைச் சொன்னாள்

கண்ணு, உன் இணையப் பக்கத்தில் நீ எழுதிய கட்டுரையை மூன்று முறை படித்துவிட்டேன். முதல் முறை கண்ணாடி இல்லாமல், பாதி புரியாமல். இரண்டாவது முறை கண்ணாடி போட்டுக்கொண்டு. மூன்றாவது முறை, இதை நீ அந்த வீடியோ கேமைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாயா என்று சந்தேகம் வந்து. ‘தொப்பிக்காரியைக் கொன்றது துப்பாக்கி இல்லை, எழுதியவர்கள்’ என்று தலைப்பு வைத்திருக்கிறாய். மறுப்பு உள்ளவர்கள் எழுதி அனுப்பலாம், ஒரு வரி வெட்டாமல் வெளியிடுகிறேன் என்று கடைசியில் போட்டிருக்கிறாய். எனக்கு மறுப்பு இருக்கிறது. அதைவிடப் பெரிதாக, உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்றும் இருக்கிறது. இரண்டும் பின்னிக் கிடப்பதால் பிரித்து எழுதத் தெரியவில்லை. இதில் யார் பெயரையும் எழுதவில்லை. பயத்தால் இல்லை, படித்து முடித்த பிறகு வெளியிடுவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்றுதான். வெளியிட்டால் மற்றவர்களுக்கும் புரிய வேண்டுமே என்று, உனக்குத் தெரிந்த சிலவற்றையும் சொல்லிக்கொண்டே போகிறேன். பொறுத்துக்கொள்.

அந்த விளையாட்டின் முதல் பாகம் வந்தபோது நீ பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தாய். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் துணிக் கம்பெனி வேலை முடிந்து வந்து, டீ டம்ளரோடு உன் பின்னால் உட்கார்ந்து பார்ப்பேன். சண்டையில் அழிந்துபோன ஏதோ ஒரு ஊர். அதில் தப்பிப் பிழைத்த நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, தலையில் கம்பளித் தொப்பி, கையில் இரும்புக் கம்பி. யாரையும் நம்ப மாட்டாள். யார் கொடுத்தாலும் சாப்பிட மாட்டாள். அவளே காப்பாற்றிய குழந்தை ‘உங்க பேர் என்ன?’ என்று கேட்டபோதுகூடச் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். பெயர் இல்லாததால் நான்தான் அவளுக்குத் தொப்பிக்காரி என்று பெயர் வைத்தேன். ஒரு நாள், “கதவுக்கு முதுகக் காட்டாம உக்காருறா பாருடா, வெவரமான பொம்பள” என்றேன். நீ திரும்பிப் பார்க்காமலே சிரித்தாய். “உன்ன மாதிரியேதாம்மா.” எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைத்தான் இப்போது நினைத்து நினைத்துப் பயப்படுகிறேன்.

நாம் பூந்தமல்லியை விட்டுக் கிளம்பியபோது உனக்கு எட்டு வயது. உன் அப்பா லாரி ஷெட்டுக்கு வேலைக்குப் போயிருந்த பகல் நேரம். என் வலது மணிக்கட்டு உடைந்து கூடி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு வாரமாகவே பக்கத்து வீட்டுப் பாயம்மா நம் துணிகளையும் உன் பிறப்புச் சான்றிதழையும் அரிசிப் பையில் போட்டுத் தன் கட்டிலுக்கடியில் மறைத்து வைத்திருந்தார். அந்தப் பையோடு ஆவடி பஸ்ஸில் ஏறினோம். “எங்கம்மா போறோம்?” என்று நீ கேட்டாய். “யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு” என்றேன். புது வாழ்க்கையில் நான் உனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அதுதான். பிறகு வரிசையாக வந்தன. அப்பா எங்கே என்றால் வெளிநாட்டில் என்று சொல்ல வேண்டும். யாராவது பின்னால் வருவது போலிருந்தால் நம் தெருவைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். நான் குரல் கொடுக்காமல் கதவைத் திறக்கக் கூடாது. முத்தாபுதுப்பேட்டையில் ஒரு வீடு, பட்டாபிராமில் இரண்டு, கடைசியில் இந்த நெமிலிச்சேரி வீடு. நாலு வீட்டிலும் நான் முதலில் பார்த்தது தாழ்ப்பாளைத்தான். அந்தப் பயம் வீண் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். முதல் மூன்று வருடம் அவன் நம்மைத் தேடினான், என் அண்ணன் வீட்டு வாசலில் நின்று கத்தினான். பயந்ததால்தான் பிழைத்தோம்.

ஆனால் ஒரு மத்தியானம் ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பதினோரு வயது. உன் வகுப்புப் பையன் ஒருவன் எங்கெங்கேயோ விசாரித்து, பிறந்த நாள் சாக்லேட்டோடு வாசலுக்கு வந்துவிட்டான். உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நான் கதவைத் திறக்காமலே, “அப்படி யாரும் இங்க இல்லப்பா” என்றேன். நீ உள்ளே என் பக்கத்தில்தான் நின்றிருந்தாய். அவன் சாக்லேட்டை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனான். அன்றைக்கு நீ அழுதிருந்தால்கூட எனக்கு உறைத்திருக்கும். நீ அழவில்லை. “சத்தமே போடல பாத்தியாம்மா” என்றாய். நான் உன்னைக் கட்டிக்கொண்டு, “சமத்து” என்றேன். கண்ணு, நான் செய்த தப்புகளில் அந்தச் சமத்து என்ற வார்த்தையைத்தான் முதலில் வைப்பேன்.

இப்போது உன் கட்டுரைக்கு வருகிறேன். இரண்டாம் பாகம் ஆரம்பித்ததும் திரை இருண்டு ‘பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு’ என்று வருகிறது. தொப்பிக்காரி ஒரு ஆற்றங்கரையில் படகோட்டிக்கொண்டிருக்கிறாள். அக்கரைக்குப் போக வந்த அந்நியர்களை வீட்டுக்குள் கூப்பிட்டு டீ போட்டுத் தருகிறாள். அவர்கள் கேட்டதும் தன் பெயரைச் சொல்கிறாள், நமக்கே அப்போதுதான் தெரிகிறது. முதல் பாகத்தில் அவளால் தகப்பனை இழந்தவர்கள் அவர்கள். அங்கேயே அவளைச் சுட்டுவிடுகிறார்கள். ‘அவ்வளவு காலம் அப்படி வாழ்ந்தவள் இப்படி மாற மாட்டாள். மாறினாள் என்றால் காரணம் காட்ட வேண்டும். காரணம் காட்டாத மாற்றம் பொய்’ என்று எழுதியிருக்கிறாய். போன மாதம் நீ போனில் என்னிடம் கத்தியபோதும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னாய். வாசலில் நான் மாட்டியிருக்கும் போர்டைப் பற்றிய சண்டை அது. ‘இங்கு துணிகள் ஆல்ட்ரேஷன் செய்து தரப்படும்’ என்று எழுதி, என் பெயரும் நம்பரும் போட்ட போர்டு. மூன்று வருடமாக அது அங்கே தொங்குகிறது. நீ வரும்போதெல்லாம் கழற்றிப் பீரோ மேலே வைத்துவிடுவேன். இந்த முறை மேப்பில் நம் தெருவைத் தேடி அதன் படத்தைப் பார்த்துவிட்டாய். “உன் பேரும் நம்பரும் ரோட்ல தொங்குது! நீயாம்மா இத பண்ண? நீ இப்படி கெடையாதே!” என்றாய். நான் போனை வைத்துவிட்டேன்.

உன் கட்டுரையைப் படித்த பிறகு, நீ விட்டுவிட்டுப் போன கேம் பெட்டியிலேயே அந்த இரண்டாம் பாகத்தை நான் ஆடினேன். சிரிக்காதே. மூன்று வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒரு மணி நேரம். முதல் பாலத்தில் மட்டும் ஒன்பது முறை செத்தேன். மணிக்கட்டு வீங்கி எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். எனக்கு வேகமாக ஓடத் தெரியாததால் அவளுடைய வீட்டை மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். கதவில் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாளைக் கழற்றி, ஆணி இருந்த ஓட்டைகளை மக்கு வைத்து அடைத்து மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கிட்டப் போனால் தெரிகிறது. கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள் ஆறு இருக்கின்றன. தனியாக இருப்பவளுக்கு எதற்கு ஆறு? அவள் அன்றைக்குத்தான் திடீரென்று மாறவில்லை, எப்போதோ மாறிவிட்டாள் என்று எழுதியவர்கள் சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால் ஏன் மாறினாள் என்று சொல்லவில்லை. அந்த விஷயத்தில் உன் பக்கம்தான் நியாயம். நடுவில் இருந்த வருடங்களை மறைத்துவிட்டு, மாறிய ஆளை மட்டும் கொண்டுவந்து நிறுத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது?

உனக்கு நானும் அதைத்தான் செய்தேன். நடுவில் நடந்ததை இப்போது சொல்கிறேன்.

நாலு வருடத்துக்கு முன்னால், ஆவடியில் ஜிப்பும் பட்டனும் விற்கும் கடையில் நின்றுகொண்டிருந்தேன். யாரோ என் தோளைத் தொட்டார்கள். தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினால், பூந்தமல்லிப் பாயம்மா. தலை முழுக்க நரைத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னாமா, எப்டி கீற? புள்ள எப்டி கீறான்?” என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, “உன் ஊட்டுக்காரன் பூட்டானே, தெரியுமா?” என்றார்.

நான் கடை வாசலைத் திரும்பிப் பார்த்தேன். “எங்க பூட்டான்? இந்தப் பக்கம் வந்துட்டானா?” என்றேன்.

பாயம்மா என்னையே பார்த்தார். “அய்யோ, இல்லமா. செத்துட்டான். ஒரு வருசம் ஆவுது. அதுக்கு முன்னாடியே ரெண்டு வருசமா படுத்த படுக்க. தானா எந்திரிச்சி தண்ணி மோந்து குடிக்க முடியல. அவன் அக்காதான் பாத்துகினு இருந்தா.”

கடைசியில் அவன் உன்னைக் கேட்டானா, என்னைக் கேட்டானா என்று நான் விசாரிக்கவில்லை. பாயம்மாவும் சொல்லவில்லை. ஒரு டஜன் ஜிப் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தாழ்ப்பாள் போட்டு, சோறு வடித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தது. எழுந்து மாறி உட்கார்ந்தேன்.

உன் அப்பா இறந்துவிட்டார், கண்ணு. ஐந்து வருடமாகிறது. எனக்குத் தெரிந்து நாலு வருடம். உனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். முதலில், நீ அவனுக்காக அழுதுவிடுவாயோ என்று பயந்தேன். அவனுக்காக நீ சிந்தும் ஒரு சொட்டுக் கண்ணீரைக்கூட என்னால் தாங்கியிருக்க முடியாது. அவ்வளவு சின்ன மனசு எனக்கு. அது ஒரு மாதத்தில் தீர்ந்தது. அதற்குப் பிறகு வேறு பயம் வந்தது. படிப்பு முடிந்ததும் உனக்குப் போரூர்ப் பக்கம் வேலை கிடைத்ததே, பஸ் பூந்தமல்லி வழியாகப் போகும் என்று நான் வேண்டாம் என்று அழுது உன்னை பெங்களூருக்கு அனுப்பினேனே, அந்த வருடம் அவன் படுக்கையில் கிடந்தான். தானாக எழுந்து உட்கார முடியாத ஒரு ஆளுக்குப் பயந்து உன்னை ஊரைவிட்டு அனுப்பியிருக்கிறேன். இதை உன்னிடம் எந்த வாயால் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், நீ பொங்கலுக்கு வரும்போது சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். தள்ளத் தள்ள, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

ஆனால் நான் மட்டும் மெல்ல மெல்ல மாறிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டில் கொடுத்த பாயசத்தை வாங்கிக் குடித்தேன். கொட்டாமல் குடித்தது அதுதான் முதல் முறை. காற்றுக்காகப் பகலில் கதவைத் திறந்து வைத்தேன். தையல் மெஷினை உள் அறையிலிருந்து வாசல் பக்கம் நகர்த்தினேன். ஒரு தடவை மாங்காடு கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் பூந்தமல்லியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பழைய தெருமுனை வரைக்கும் நடந்து போய் நின்றேன். உள்ளே போகவில்லை. பிறகு போர்டு எழுதச் சொன்னேன். அதை மாட்டிய முதல் வாரம் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டாலே ஊசியை நிறுத்திவிடுவேன். வெளியே வருவதற்கு எனக்கு அவ்வளவு நாள் பிடித்தது. உன்னை மட்டும் உள்ளேயே விட்டுத் தாழ் போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று, அந்தப் பெண் வந்து சொல்லும் வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஆமாம், அந்தப் பெண்தான். உன் ஆபீசில் வேலை செய்கிற, நீ இரண்டு வருடமாகப் பழகி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாத அந்தப் பெண்.

உன் கட்டுரையை முதலில் படித்த அதே வாரம், சனிக்கிழமை காலையில் வந்தாள். கையில் ஒரு சுடிதார். “இடுப்புல கொஞ்சம் புடிக்கோணுங்க” என்றாள். பேச்சைக் கேட்டதும், “கோயம்புத்தூர் பக்கமா?” என்றேன். “பொள்ளாச்சிங்க” என்றாள். டேப்பை எடுத்து அளந்தேன். நான் இடுப்பளவைச் சொல்லி எழுதப்போகும்போது, “நீங்க அவரோட அம்மாதானுங்களே?” என்று உன் பெயரைச் சொன்னாள்.

என் வாய் என்ன சொன்னது தெரியுமா? “அப்படி யாரும் இங்க இல்லமா.”

இத்தனை மாறிய பிறகும், போர்டு மாட்டிய பிறகும், அதே வார்த்தை, அதே குரல். அவள் சுவரைப் பார்த்தாள். பட்டம் வாங்கிய கறுப்பு அங்கியோடு நீ சிரிக்கும் படம் அங்கேதான் மாட்டியிருக்கிறது. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் உனக்கு அனுப்பும் பருப்புப்பொடி டப்பா மேலே கூரியரில் இருக்கும் விலாசத்தைப் பார்த்து வந்திருக்கிறாள். அது சித்தி அனுப்புவது என்று சொல்லியிருக்கிறாய். அப்பா அம்மா வெளிநாட்டில் என்று சொல்லியிருக்கிறாய். எட்டு வயதில் நான் உன் வாயில் வைத்த அதே வார்த்தையை இருபத்தேழு வயதில், கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணிடம். “எங்க வீட்ல பெரியவங்களப் பாக்கோணும்னு கேக்கறாங்க. அவரு, ‘என்னப் பத்தி ஒண்ணுமே கேக்காம இருக்க முடிஞ்சா இரு, இல்லாட்டி விட்டுடு’ன்னு சொல்லிட்டாருங்க. என்னைய நம்பலீங்களா, இல்ல வேற ஏதாச்சும் இருக்குதுங்களா? அத மட்டும் சொல்லிருங்க, நான் போயிர்றேன்” என்றாள்.

அவளைச் சாப்பிட வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மணிக்கட்டு, அரிசிப் பை, ஆவடி பஸ், நாலு வீடு, சாக்லேட் கொண்டுவந்த பையன். உன்னைக் கேட்காமல் உன் கதையைச் சொல்லிவிட்டேன். கடைசியில், சொல்லக் கூடாததையும் சொல்லிவிட்டேன். உன் அப்பா செத்த செய்தியை உனக்கு முன்னால் அவளுக்குச் சொன்னேன். சோற்றில் கை வைத்தபடியே நிமிர்ந்து, “இது அவருக்குத் தெரியுமுங்களா?” என்று கேட்டாள். “தெரியாதுமா” என்றேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “இத நான் சொல்ல மாட்டேனுங்கம்மா. நீங்கதான் சொல்லோணும். ஆனா சீக்கிரம் சொல்லுங்க. தெரிஞ்சுட்டு அவரு மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்க என்னால முடியாது” என்றாள்.

மூன்று வாரம் ஆகிவிட்டது. தினமும் காலையில் அவளிடமிருந்து வாட்ஸப் வருகிறது: ‘சொல்லிட்டீங்களாம்மா?’ நானும் தினமும் ‘நாளைக்கு’ என்று அனுப்புகிறேன். விளையாட்டை ஆடி முடித்துவிட்டு எழுதலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். முந்தாநாள் ஆடி முடித்தாகிவிட்டது. இனிச் சாக்கு இல்லை.

நீ கேட்பாய்: தொப்பிக்காரி பெயரைச் சொன்னாள், செத்தாள், இதிலிருந்து என்ன தெரிகிறது என்று. உனக்குப் பதில் சொல்ல எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. சொன்னால் ஒன்றும் ஆகாது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அந்தப் பெண்ணின் வீட்டில் நம் கதையைக் கேட்டு முகம் சுளிக்கலாம். நீ என்னோடு பேசாமல் போகலாம். ஆனால் தொப்பிக்காரியைத் தேடி அந்தப் படகுத்துறைக்கு வர ஆள் இருந்தது. நம்மைத் தேடியது ஒரே ஒருவன், அவன் இன்று இல்லை. இல்லாத ஆளுக்காக நீ அந்தப் பெண்ணை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறாய். அவளை நிறுத்தியது நீ இல்லை, நான். எனக்கு மன்னிப்புக் கொடுக்க உனக்கு எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள், கொடுக்காமலும் இரு. அவளை மட்டும் காக்க வைக்காதே. உன் அப்பாவுக்காக அழத் தோன்றினால் அழு. அதை என்னிடம் மறைக்க வேண்டாம், தாங்கிக்கொள்வேன்.

இப்போது காலை பதினொரு மணி. நீ ஆபீசில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் இதை அனுப்புகிறேன். உனக்கு நாலு மேசை தள்ளித்தான் உட்காருவதாக அவள் சொன்னாள். படித்து முடித்ததும் எனக்கு போன் செய்யத் தோன்றும், திட்டுவதற்காவது தோன்றும். செய், எடுக்கிறேன். ஆனால் அதை இரண்டாவதாகச் செய். முதலில் எழுந்து, நாலு மேசை தள்ளி நடந்து போ.